வேர்க்காத ஜன்னல்

நவம்பர் 9, ஞாயிறு

இன்று காலையும் மூக்கில் ரத்தம். தலையணை உறையைப் பார்த்துவிட்டு தாரணி, "அம்மா, பேய்ப் படம் மாதிரி இருக்கு" என்றாள். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பெற்றவளின் ரத்தம் பேய்ப் படம். நல்ல வளர்ப்பு. என் வளர்ப்புத்தான்.

வின்னிபெக்கில் குளிர் இறங்கிவிட்டது. அடித்தளத்தில் இருக்கும் ஃபர்னஸ் இராப்பகலாக ஓடி, சூடான காற்றைத் தகரக் குழாய் வழியாக எல்லா அறைக்கும் அனுப்புகிறது. வீடு கதகதப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்றில் சொட்டு ஈரம் கிடையாது. உதடு வெடிக்கிறது. கதவுப் பிடியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. கறிவேப்பிலையை மேசையில் வைத்தால் பொழுது சாய்வதற்குள் பொடி. போன வருஷம் வரை அபார்ட்மென்டில் இருந்தபோது இவ்வளவு தெரியவில்லை. சொந்த வீடு வாங்கினோம், மூக்கு உடைந்தது.

சாயங்காலம் உடுமலையிலிருந்து மில் மேனேஜர் ரங்கசாமி அண்ணன் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் பேசியதால் எனக்கும் கேட்டது. "லோகு, பிளான்ட்டுக்குச் சரியான ஆளே கெடைக்கலப்பா. நூல் அறுந்து அறுந்து மானம் போகுது. சித்திரைக்குள்ள வந்துரு. உன்ற பழைய எடம் உனக்குத்தான்."

நூற்பாலையில் காற்று காய்ந்தால் நூல் அறுந்துவிடும். காற்றுக்கு அளவாக ஈரம் கொடுக்கிற பிளான்ட் முழுக்க அங்கே இவர் பொறுப்பில் இருந்தது. இங்கே ரொட்டிக் கம்பெனியின் கிடங்கில் மதிய ஷிஃப்டில் பெட்டி அடுக்குகிறார். மூன்று வருஷத்தில் இவர் பேச்சு, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாய், "ம்", "சரி" என்ற இரண்டில் வந்து நிற்கிறது. வீட்டில் பேச ஆள் குறைந்ததால்தான் நான் இப்படி எழுத ஆரம்பித்தேன்.

"ரோசனை பண்ணிச் சொல்றேனுங்கண்ணா" என்று போனை வைத்தார். நான் தோசைக் கரண்டியோடு எதிரிலேயே நின்றிருந்தேன். என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. தோசை கருகிப்போனது.

நவம்பர் 10, திங்கள்

துவைக்கப் போட்ட தலையணை உறையை இவர் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "இந்த வீட்டுக் காத்துக்கு ஈரம் குடுக்க ஒரு ஹியூமிடிஃபையர் வெக்கோணும் அம்சா" என்றார். முழு வாக்கியம்! எழுவாய், பயனிலை எல்லாம் இருந்தது.

நவம்பர் 15, சனி

வீடு முழுவதற்குமான ஹியூமிடிஃபையர் வந்து சேர்ந்துவிட்டது. பெட்டிதான் பெரிது, உள்ளே இருப்பது அரிசி டப்பா அளவுதான். அதை ஃபர்னஸின் தகரக் குழாயில் ஓட்டை போட்டு மாட்ட வேண்டும். ஒரு பக்கம் தண்ணீர்க் குழாயிலிருந்து சின்னதாக ஓர் இணைப்பு. உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பட்டை. அதன் மேல் தண்ணீர் சொட்டி இறங்கும், சூடான காற்று அதன் ஊடே போய் ஈரத்தை வாங்கிக்கொண்டு வீடெல்லாம் போகும். மிச்சத் தண்ணீர் தரைச் சாக்கடைக்கு. எவ்வளவு ஈரம் வேண்டும் என்று திருகிவைக்க ஒரு வட்டக் குமிழ்.

கடைக்காரன், மாட்டிக் கொடுக்க ஆள் வேண்டுமா என்று கேட்டானாம். "என்னையப் பாத்து அந்தக் கேள்வியக் கேக்கறான்!" என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தார். கேட்க எனக்கு இனித்தது.

தகரம் வெட்டும்போது கை கீறியது. நான் பஞ்சு வைத்துக் கட்டினேன். குழாய் இணைப்பு ஒழுகி என் சேலை நனைந்தது. "சித்தெ அந்த டார்ச்சை நேராப் புடி தாரணி, ஊருக்கெல்லாம் வெளிச்சம் காட்டாத!" என்று ஒரு சத்தம் போட்டார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று! சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. அடித்தளத்திலேயே உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மெஷினைப் பார்த்தபடியே தயிர்சோறு சாப்பிட்டார். சொட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம். எங்கள் கல்யாணத்து போட்டோவில்கூட அது கிடையாது.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று சாப்பாட்டு மேசையில் ஒரு குண்டு போட்டார்.

"அம்சா, நான் இந்த மெசினைப் பூவாக்கா வெச்சிருக்கேன்."

தாரணிக்குப் பூவாக்கு தெரியாது. ஊரில் பெரிய காரியம் எடுக்கும் முன் கோயிலில் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி சாமி முன்னால் போடுவோம், ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம், வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு என்று அவளுக்கு விளக்கினேன்.

"இந்த வீட்டுக் காத்தை என்னால சரி பண்ண முடிஞ்சா, இந்த ஊரு எனக்கு ஒத்துவருதுன்னு அர்த்தம். இங்கயே இருப்போம். முடியலீன்னா ரங்கசாமி அண்ணன் கூப்புட்டாப்பல மில்லுக்கே போயிருவோம். பொங்கல் வரைக்கும் பாக்கறேன்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஜன்னலைக் காட்டினார். உள்ளே ஈரம் அதிகமானால் குளிர்ந்த கண்ணாடி வேர்த்துவிடுமாம். வேர்க்காதவரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாமாம். மில்லில் வைப்பதுபோல் ஐம்பத்தைந்து சதவீத ஈரத்துக்கு மேல் கொண்டுபோனால் என் மூக்குக்கு அமிர்தமாம். "ஜன்னல்தான் நம்ம மீட்டர். மீட்டர் பொய் சொல்லாது."

கூடவே ஒரு கதையும் வந்தது. மில்லில் ஒருவன் ஆய்வுக்கு ஆள் வரும் நேரமாகப் பார்த்து மீட்டரில் ஈரத்துணியைச் சுற்றிவைத்தானாம். இவர் அவனோடு கடைசிவரை பேசவே இல்லையாம். "நூல் அறுந்தாக்கூட முடிஞ்சு போட்டுக்கலாம். மீட்டர்ல கைய வெக்கறவனை என்ன பண்றது?"

இப்போதைக்கு முப்பதில் வைத்திருக்கிறார்.

நவம்பர் 19, புதன்

மூக்கில் ரத்தம் இல்லை. ஷாக்கும் அடிக்கவில்லை. எழுந்ததும் தொண்டை தொண்டை மாதிரி இருந்தது.

நவம்பர் 21, வெள்ளி

முதியோர் இல்லத்தில் எனக்கு ஏழு மணி ஷிஃப்ட். அதனால் ஐந்துக்கே எழுந்துவிடுவேன். இவர் மதிய ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவுக்கு மேல் வந்து படுப்பதால் எழ எட்டரை ஆகும். இன்று திரையைத் திறந்தபோது கண்ணாடியின் அடியில் தண்ணீர் கோடு கோடாக நின்றது. கையில் துணி இருந்தது, துடைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் இடம், ஈரமாகக் கிடந்தால் நன்றாகவா இருக்கும்?

மதியம் போன் செய்தார். "அம்சா! ஜன்னல்ல ஒரு சொட்டு இல்ல! முப்பத்தஞ்சு வெச்சுட்டேன்!"

சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் குரல்! கல்யாணமான புதிதில் மில்லிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவார். "அப்படீங்களா" என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 27, வியாழன்

துடைத்தேன். திரையையும் முழுக்கத் திறந்துவைத்தேன், மிச்ச ஈரம் காயட்டும் என்று. சுத்தமாக வைத்துக்கொள்வது ஒன்றும் குற்றமில்லை.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். ஜன்னல் திட்டில் வரிசையாக விளக்கு வைத்தேன். ஜன்னல் சட்டத்திலிருந்து சொட்டிய ஈரம் பட்டு இரண்டு சர்ரென்று சத்தம் போட்டு அணைந்துவிட்டன. திட்டு நனைந்திருந்தது. விளக்குகளைச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றினேன்.

இவர் நாற்பதுக்கு ஏற்றியிருக்கிறார். சாப்பிடும்போது மெஷினைப் பற்றி மட்டும் இல்லை, கிடங்கில் கூட வேலை பார்க்கும் ஆட்களைப் பற்றியும் பேசுகிறார். தாரணிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். குளிக்கும்போது பாட்டு. சுருதி எந்த மில்லில் அறுந்ததோ தெரியவில்லை, ஆனால் பாட்டு.

எனக்குப் போக விருப்பமில்லை. இதை இங்கே எழுதிவைக்கிறேன், வேறு எங்கே சொல்வது? உடுமலையில் நான் லோகநாதன் சம்சாரம். கெட்ட பெயர் ஒன்றுமில்லை, ஆனால் அது என் பெயரும் இல்லை. இங்கே என் சட்டையில் "அம்சவேணி" என்று குத்தியிருக்கிறது. அதை வாசிக்கத் தெரியாமல் கிழவர்கள் நாக்கைச் சுளுக்கிக்கொண்டாலும் என்னைத்தான் தேடுகிறார்கள். பனியில் நானே கார் ஓட்டிப் போகிறேன். நாற்பது வயதில் முளைத்த இறக்கையை யார் வெட்டிப்போடுவார்கள்?

டிசம்பர் 13, சனி

வெளியே மைனஸ் இருபத்தெட்டு. இப்போது தண்ணீர் இல்லை, ஐஸ். கண்ணாடியின் கீழ்ப் பாதி முழுக்கக் கெட்டியாக உறைந்திருந்தது. துணியால் துடைத்தால் போகுமா? தாரணியின் ஹேர் டிரையரை எடுத்து வந்து ஒவ்வொரு ஜன்னலாகக் காட்டி உருக்கினேன். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

திரும்பிப் பார்த்தால் மகள் நிற்கிறாள். "அம்மா, ஜன்னலுக்கு செட்டிங் பண்றீங்களா?"

"அப்பாட்டச் சொல்லாத சாமி."

"ஏன்?"

"உனக்கு உடுமலைக்குப் போகோணுமா?"

கொஞ்சம் யோசித்தாள். பிறகு இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு அடுத்த ஜன்னலுக்குப் போனாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

பக்கத்து வீட்டுக்காரன் டாரில், பனி அள்ளும்போது இவரோடு பேசிக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் இருபத்தைந்துக்கு மேல் வைத்தாலே ஜன்னல் உறைகிறதாம். இவர் நாற்பத்தைந்து என்றாராம். அவன் வாயைப் பிளந்து, என்ன கம்பெனி ஜன்னல் என்று கேட்டானாம்.

"ஜன்னல்ல இல்ல அம்சா, செட்டிங்ல இருக்குது!" என்று மார்தட்டிக்கொண்டார். தாரணி சிரிப்பை அடக்கமுடியாமல் குளியலறைக்குள் ஓடினாள். நான் ரசத்துக்குப் புளியை இரண்டு முறை கரைத்தேன்.

டிசம்பர் 29, திங்கள்

தீபாவளிக்குச் சுட்டு டப்பாவில் வைத்த முறுக்கு நமத்துப்போய்விட்டது. இந்த ஊரில் முறுக்கு நமத்து நான் பார்த்ததில்லை. குப்பையில் போடப் போனேன். இவர் பிடுங்கிக்கொண்டு ஒன்றைக் கடித்தார். கடிபடவில்லை, வளைந்தது. "நம்மூரு ஐப்பசி மழைக்கு நமத்தாப்பலயே இருக்குது அம்சா!" என்று டப்பா முழுக்கத் தின்று தீர்த்தார்.

எனக்கு இந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கிறது.

ஜனவரி 8, வியாழன்

துடைத்தாயிற்று. ஜன்னல் திட்டின் மரம் ஓரத்தில் உப்பி, கறுப்பு படர்ந்திருக்கிறது. அதன் மேல் பூந்தொட்டியை நகர்த்தி வைத்தேன். பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம்தான்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

இரண்டு நாளாக அதிசயமாய்க் குளிர் விட்டிருந்தது. வெளியே கூரைப் பனியெல்லாம் சொட்டியது. இவர் லீவு போட்டிருந்தார். ஹாலில் கோலம் போட்டு, மின் அடுப்பை நடுவில் வைத்துப் பொங்கல் வைத்தோம். பால் பொங்கி வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று மூன்று பேரும் கத்தினோம். இவர் என் பக்கம் திரும்பி, "வெள்ளைப் பூதான் அம்சா" என்றார். கண் கலங்கியிருந்தது.

அப்போது என் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது கோலத்தில். மேலே பார்த்தால், கூரை விளக்கைச் சுற்றி வட்டமாக ஈரம்.

ஏணி போட்டு, கூரைக்கு அடியில் இருக்கும் பரணுக்குள் ஏறினார். இறங்கி வரும்போது தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தார். "பஞ்சு மூட்டையைப் பிரிச்சுப் போட்டாப்பல மேல பூராவும் பனி. ஆணிக்கு ஆணி தொங்குது. இப்ப எல்லாம் உருகுது." வீட்டுக்குள் மிதமிஞ்சிய ஈரம் விளக்கு ஓட்டை வழியாக மேலே ஏறி, குளிரில் உறைந்து சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

நேராக அடித்தளத்துக்குப் போய் மெஷினை நிறுத்தினார். மேலே வந்து ஜன்னல் கண்ணாடியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "காஞ்சுதானே இருந்துது? தெனமும் பாத்தனே?"

நான் திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல் நின்றேன். தாரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரைப் பொங்கலை யாரும் தொடவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

"ம்." "சரி."

இன்றும் லீவுதான். ராத்திரி சாப்பாட்டில் கை வைத்தபடி சொன்னார்: "எனக்குத் தொழில் மறந்துபோச்சு அம்சா. பெட்டி அடுக்கி அடுக்கி, ஒரு ஜன்னலைப் பாத்து ஈரம் சொல்லத் தெரியாத ஆளாயிட்டேன். நாயித்துக்கெழமை அண்ணன்கிட்ட வர்றேன்னு சொல்லிடறேன். இன்னும் கொஞ்ச நாள் இங்க இருந்தா அதுக்கும் லாயக்கில்லாமப் போயிருவேன்."

போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். தொழில் மறந்துவிட்டது என்று இவர் நம்புவதைத்தான் தாங்கமுடியவில்லை. அது பொய். அந்தப் பொய்யைச் செய்தவள் நான். சொன்னால் மீட்டரில் துணி சுற்றினவனின் கதிதான் எனக்கும். சொல்லாவிட்டால் இவர் கதி என்ன?

ஜனவரி 17, சனி

நேற்று மாலையே குளிர் திரும்பியிருந்தது. இவர் படுத்ததும் அடித்தளத்துக்குப் போய் மெஷினை ஓடவிட்டேன். நாற்பத்தைந்து. எதை எங்கே திருக வேண்டும் என்று எனக்குத் தெரியாதா, மாட்டும்போது கூட இருந்தவள்தானே?

காலை ஐந்துக்கு இவரை எழுப்பினேன். "எந்திரிங்க. ஒண்ணு காட்டோணும்."

ஹாலுக்குக் கூட்டிவந்து திரையைத் திறந்தேன். கண்ணாடி முழுக்கத் தாரை தாரையாகத் தண்ணீர். கீழே ஐஸ். பூந்தொட்டியை நகர்த்திக் கறுத்த மரத்தையும் காட்டினேன். ஹேர் டிரையரை இவர் கையில் கொடுத்தேன். வாய் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஈரக் கண்ணாடியில் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தார்.

"எத்தன நாளா?"

"முப்பதுல வெச்ச வாரத்துல இருந்துங்க."

"தெனமுமா?"

"தெனமுங்க."

"மீட்டரைத் தொடச்சிருக்க."

"ஆமாங்க."

"பூவாக்குல பொட்டலத்தை மாத்தி வெச்சிருக்க."

"ஆமாங்க."

"எதுக்கு அம்சா?"

அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம் வந்தது. "ஏனுங்க, நீங்க மெசினைக் கேட்டீங்க. ஜன்னலைக் கேட்டீங்க. சாமிய விட்டுட்டு ஒரு தகர டப்பாகிட்டக் குறி கேட்டீங்க. எதுத்தாப்பல தோசைக் கரண்டியோட நின்னனே, என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

இவர் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டார். ஹேர் டிரையரை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீயும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாங்க. பயமா இருந்துச்சு. மூணு வருசத்துக்கு அப்பறம் இப்பத்தான் பேச ஆரம்பிச்சீங்க. அதைக் கெடுக்க மனசு வல்லை."

பிறகு இவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறி அருகே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்ற செட்டிங் தப்பில்ல!"

"இல்லீங்க."

"நான் மொத வாரமே முப்பதுலயே நிறுத்தியிருப்பேன். நிறுத்தியிருப்பனா இல்லியா?"

"நிறுத்தியிருப்பீங்க. நாந்தான் விடலை."

"தொழிலு மறக்கல!" கூரை சொட்டி, மரம் உப்பி, வீடு பாழாய்க் கிடக்கிறது, மனுஷன் இதற்குச் சந்தோஷப்படுகிறார். சிரித்து ஓய்ந்ததும் என் முகத்தைப் பார்த்தார். "சரி, இப்பக் கேக்கறேன். இருக்கோணுமா, போகோணுமா?"

"எனக்கு இங்க இருக்கோணும். நீங்க இப்படிப் பேசிட்டும் இருக்கோணும். ரெண்டும் வேணும்."

"ரெண்டுமா?" என்றார். பிறகு டிரையரைப் பிளக்கில் சொருகினார். "எங்க, எப்படி உருக்குவ? காட்டு."

ஜனவரி 18, ஞாயிறு

ரங்கசாமி அண்ணனுக்கு இவரே போன் செய்தார். "இந்த வருசம் வல்லீங்கண்ணா." அங்கே அப்படி என்னப்பா வேலை என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "பாய்லர் பரீட்சைன்னு ஒண்ணு இருக்குதுங்க. அம்சா வேலை செய்யற எடத்துல சொன்னாங்களாம். அது எழுதினா இங்கயும் பிளான்ட் ரூம் வேலை கெடைக்குமாம். பாக்கறேனுங்க." அந்தப் பக்கம் இன்னும் ஏதோ கேட்க, "இல்லீங்க, பூவாக்கெல்லாம் கேக்கல. அவளைத்தான் கேட்டேன்" என்றார்.

போனை வைத்துவிட்டு என்னிடம், "ஒரு வருசம் பாப்போம். அடுத்த மார்கழிக்கு மறுபடியும் கேப்பேன்" என்றார்.

"மெசினையா?"

"உன்னையத்தான், அம்மிணி."

பிப்ரவரி 1, ஞாயிறு

பரணில் ஓட்டைகளையெல்லாம் அடைத்துவிட்டார். டாரிலும் வந்து கைகொடுத்தான். ஜன்னல் ரகசியத்தை இவரே அவனிடம் சொல்ல, அவன் ஹேர் டிரையரைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தானாம். தாரணி அதை ஒளித்துவைத்துவிட்டாள்.

குமிழ் இப்போது இருபத்தைந்தில். மூக்கு லேசாக எரிகிறது. நெய் தடவிக்கொள்கிறேன், ஒன்றும் சாகமாட்டேன். புதிதாகச் சுட்ட முறுக்கு மொறுமொறுவென்று இருக்கிறது. இவருக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம்.

பிப்ரவரி 6, வெள்ளி

காலை ஐந்து மணி. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஈரம். கையில் துணி இருந்தது.

துடைக்கவில்லை. இவர் எழுந்து வந்து பார்க்கட்டும்.